ஊர்தியின் கடிகாரமும் ஊரின் நேரமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கே, அரிசோனா மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியில் ஒரு நெடுஞ்சாலை உண்டு. அதன் எண் 264. டூபா சிட்டி என்னும் சிற்றூரின் அருகே தொடங்கும் அச்சாலை, செந்நிற மேடுகளுக்கும் வறண்ட ஓடைகளுக்கும் இடையே கிழக்கு நோக்கி ஓடுகிறது. ஏறத்தாழ 250 கிலோமீட்டர் கடந்து, நியூ மெக்சிகோ மாநில எல்லையில் உள்ள விண்டோ ராக் என்னும் ஊரில் முடிகிறது. மலைத்தொடரோ பேராறோ அச்சாலையைக் குறுக்கிடவில்லை. ஆயினும் கோடைக்காலத்தில் அதன்வழியே செல்லும் மகிழுந்தின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தாவும், சற்றுத் தொலைவு சென்றதும் ஒரு மணி நேரம் பின்வாங்கும், மீண்டும் தாவும், மீண்டும் பின்வாங்கும். கருவி பழுதுற்றது என்று புதிதாக வரும் ஓட்டுநர் எண்ணுவார். உண்மையில், கருவி மிகக் கவனமாகச் செய்யப்பட்டது என்பதற்கு அத்தாவலே சான்று. தாவாமல் ஒரே சீராக ஓடும் கடிகாரம்தான் அச்சாலையில் பிழையானது.

காரணம் இது. அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறன்று கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே திருப்பி வைப்பர். நவம்பர் மாதத்து முதல் ஞாயிறன்று பழைய நிலைக்குக் கொண்டுவருவர். கோடையின் நீண்ட பகலை மாலையில் மிகுதியாகப் பயன்படுத்திக் கொள்வதற்கான ஏற்பாடு இது. அரிசோனாவோ 1968 முதல் இதனை ஏற்பதில்லை. பாலைவெயில் காய்ந்தெரியும் மாநிலத்தில் மாலை வெளிச்சம் மேலும் ஒரு மணி நேரம் நீள வேண்டும் என்று யார்தாம் விரும்புவர்? ஆனால், அம்மாநிலத்தின் வடகிழக்கில் நவாஹோ மக்களின் தன்னாட்சி நிலம் இருக்கிறது. அந்நிலம் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரவியிருப்பதால், தம் மக்கள் அனைவருக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று நவாஹோ அரசு கோடைகால நேரத்தைப் பின்பற்றுகிறது. நவாஹோ நிலத்தால் முற்றிலும் சூழப்பட்டிருப்பது ஹோபி மக்களின் நிலம். அவர்கள் கடிகாரத்தைத் திருப்புவதில்லை. அந்த ஹோபி நிலத்திற்குள்ளும் ஜெடிட்டோ என்னும் சிறு நவாஹோ பகுதி தீவுபோல் அமைந்திருக்கிறது. ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிய பாத்திரங்களைப் போல, நேரத்தினுள் நேரம், அதனுள் இன்னொரு நேரம்!

டூபா சிட்டி நவாஹோ ஊர். அதற்கு மிக அருகில் இருக்கும் மோயன்கோப்பி ஹோபி ஊர். மோயன்கோப்பியில் வாழும் முதியவர் ஒருவர், ஜூலை மாதத்தில் ஒருநாள் காலை 9 மணிக்கு டூபா சிட்டியில் மருத்துவரைக் காண வேண்டியிருக்கிறது என்று கொள்க. அவரை அழைத்துச் செல்ல, பேரன் பீனிக்ஸ் நகரிலிருந்து மகிழுந்தில் வருகிறான். பயணம் நான்கு மணி நேரம். காலை 5 மணிக்குப் புறப்படும் அவனுக்கு, ஊர்தியிலுள்ள வழிகாட்டி '9 மணிக்குச் சேர்வீர்' என்று கூறுகிறது. அவ்விடை பீனிக்ஸ் நகரின் கணக்கில் சரி. தாத்தா வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின்படியும் சரி. மருத்துவர் அறையின் கடிகாரமோ அப்போது 10 மணியைக் காட்டிக்கொண்டிருக்கும். முதியவரின் முறை ஒரு மணி நேரத்திற்கு முன்பே கடந்து போயிருக்கும். வழிகாட்டி பாதையில் ஓரடியும் தவறவில்லை. திருப்பம் ஒன்றையும் மறக்கவில்லை. பின் எங்கே பிழை நேர்ந்தது? எந்த ஊரின் மணியைச் சொல்கிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டதே பிழை.

இடத்தை அறியும் வழி

இதில் ஒரு வியப்பு அடங்கியிருக்கிறது. ஊர்தியின் வழிகாட்டி இடத்தை அறிவதே நேரத்தைக் கொண்டுதான். புவிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஆறு சுற்றுப்பாதைத் தளங்களில், ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. அமைப்பு முழுமையாக இயங்கக் குறைந்தது 24 வேண்டும். ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரங்கள் உள்ளன. தான் இருக்கும் இடத்தையும் தன் கடிகாரம் காட்டும் நேரத்தையும் ஒவ்வொரு செயற்கைக்கோளும் இடையறாது வானொலி அலைகளில் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அவ்வலை ஒளியின் வேகத்தில், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் வேகத்தில், ஊர்தியை வந்தடைகிறது. புறப்பட்ட நேரத்தை வந்தடைந்த நேரத்திலிருந்து கழித்தால் பயண நேரம். அதனை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு. கணக்கு இவ்வளவே. ஆனால், நேரத்தில் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தொலைவில் 300 மீட்டர் பிசகிவிடும்.

ஊர்தியிலோ அணுக்கடிகாரம் இல்லை. கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற மலிவான படிகக் கடிகாரமே உண்டு. அது கட்டாயம் பிசகும். எனவே ஊர்தியின் இடத்தைக் குறிக்கும் மூன்று அளவுகளோடு, அதன் கடிகாரப் பிழையையும் நான்காவது அறியாத அளவாக வைத்துக்கொண்டு, நான்கு செயற்கைக்கோள்களின் செய்திகளிலிருந்து நான்கு சமன்பாடுகள் அமைத்து விடை காண்கிறது கருவி. பள்ளிக் கணக்கேட்டில் மாணவர் கற்கும் சமன்பாட்டுக் கணக்கைப் போன்ற முறைதான், ஊர்தியின் முகப்புப் பலகைக்குள் ஒவ்வொரு வினாடியும் நடந்துகொண்டிருக்கிறது.

ஐன்ஸ்டைனும் இங்கே வருகிறார். விரைந்து செல்லும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்றும், ஈர்ப்பு குறைந்த இடத்தில் உள்ள கடிகாரம் விரைந்து ஓடும் என்றும் அவருடைய சார்பியல் கோட்பாடுகள் கூறுகின்றன. முதற்காரணத்தால் செயற்கைக்கோளின் கடிகாரம் நாளொன்றுக்கு 7 மைக்ரோவினாடி பிந்துகிறது. இரண்டாம் காரணத்தால் 45 மைக்ரோவினாடி முந்துகிறது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் நாளொன்றுக்கு 38 மைக்ரோவினாடி முந்தும். இதனைத் திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் இடக்கணக்கு பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் பிறழ்ந்துவிடும். அதனால் திருத்தத்தைச் செயற்கைக்கோளிலேயே அமைத்துவிட்டனர்.

இத்தனை நுண்ணிய நேரத்தைக் கையில் வைத்திருக்கும் கருவி, 'இங்கே இப்போது மணி என்ன?' என்னும் எளிய வினாவுக்குத் தடுமாறுகிறது. ஏனெனில், செயற்கைக்கோள் அறிவிப்பது எந்த ஊரின் நேரமும் அன்று. 1980-ஆம் ஆண்டு ஜனவரி 6 முதல் எண்ணப்பட்டு வரும் தனிக் கணக்கு அது. புவியின் சுழற்சிக்கு ஏற்ப உலகப் பொதுநேரத்தில் அவ்வப்போது சேர்க்கப்படும் மிகைவினாடிகளைக்கூட அது பொருட்படுத்துவதில்லை. இதனால் 2017 முதல் அது உலகப் பொதுநேரத்தைவிட 18 வினாடி முன்னே ஓடுகிறது. இந்த 18 வினாடியைக் கழித்துக்கொள்க என்னும் குறிப்பையும் செயற்கைக்கோள் அனுப்பிவிடுகிறது. ஆனால், கீழே இருப்பது நவாஹோ நிலமா, ஹோபி நிலமா என்பது அதற்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

மனிதர் வரைந்த கோடுகள்

புவி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே, 15 பாகைக்கு ஒரு மணி நேரம். பள்ளியில் கற்பிக்கும் இக்கணக்கைக் கொண்டு மட்டும் ஊரின் மணியைச் சொல்லிவிட முடியுமானால், வழிகாட்டியின் வேலை எளிதாக இருந்திருக்கும். ஆனால் நேர மண்டலங்களின் எல்லையைச் சூரியன் வரையவில்லை, அரசாணைகள் வரைந்தன. இந்தியாவின் நேரம் உலகப் பொதுநேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னது. ரக்சௌலில் எல்லையைக் கடந்து நேபாளத்துக்குள் நுழையும் ஊர்தி, மேலும் 15 நிமிடத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முழு மணிக் கணக்கு மட்டுமே அறிந்த கருவிக்கு இவ்விரு நாடுகளிலும் வேலை இல்லை.

ஒரே நாட்டுக்குள் பல நேரம் என்பது இந்தியருக்கு இன்று வியப்பாகத் தோன்றலாம். ஆனால் இது இந்நாடு அறியாததன்று. மதராசில் 1792-இல் எழுந்த வானாய்வு நிலையத்தின் தீர்க்கரேகையை ஒட்டி மதராஸ் நேரம் கணக்கிடப்பட்டது. அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முன்னது. கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் தனித்தனி நேரங்கள் இருந்தன. அவற்றிடையே ஒரு மணி நேரத்திற்கும் மேலான வேறுபாடு. எந்த நகரின் மணிப்படி இரயில் புறப்படும் என்னும் குழப்பத்தைத் தீர்க்க, இருப்புப்பாதைகள் மதராஸ் நேரத்தைப் பொதுவாகக் கொண்டன. 1906 ஜனவரி 1 முதல் இந்தியச் செந்தர நேரம் வந்தது. ஆயினும் பம்பாய் தன் நேரத்தை உடனே கைவிட்டுவிடவில்லை. நேரத்தை மாற்றுவது ஆணையால் எளிது, வழக்கத்தால் அரிது.

தொடக்க கால வழிகாட்டிகள் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஓட்டுநரிடமே விட்டன. பின்னர் வந்தவை நேர மண்டலங்களின் வரைபடத்தைத் தமக்குள் சேமித்துக்கொண்டன. ஊர்தி இருக்கும் இடத்தின் ஆள்கூறுகள் எந்தக் கோட்டுக்குள் விழுகின்றன என்று பார்த்து, அப்பகுதிக்குரிய விதியை எடுத்துப் பொருத்துகின்றன. அவ்விதிகளைத் தொகுத்து வைத்திருக்கும் பொதுத் தரவுத்தளம் ஒன்று உலகிற்கு இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்னும் அமெரிக்கர் 1980-களில் தொடங்கிய அத்தொகுப்பைத் தன்னார்வலர்கள் இன்றளவும் திருத்தி வருகின்றனர். கைப்பேசி, கணினி, மகிழுந்து என உலகின் கருவிகளுள் பெரும்பாலானவை மணி சொல்ல நம்பியிருப்பது, ஊதியம் கருதாத சிலரின் இந்தப் பொறுமையை! கோடிக்கணக்கில் ஊர்தி விற்கும் நிறுவனங்கள் இதனை நினைத்துப் பார்ப்பது நல்லது.

சேமித்த வரைபடம் எவ்வளவு நுண்மையானது என்பதே அடுத்த வினா. கருவியின் நினைவகத்தைச் சிக்கனப்படுத்துவதற்காக எல்லைகளை நேர்க்கோடுகளாகச் சுருக்கிவிடுவதுண்டு. மாநில எல்லையை மட்டும் அறிந்த கருவி, அரிசோனா முழுவதற்கும் பீனிக்ஸின் மணியைச் சொல்லும்; அப்போது நவாஹோ மக்களின் முடிவு மறைந்துவிடும். நவாஹோ எல்லையைச் சேர்த்துக்கொண்டு, அதனுள் இருக்கும் ஹோபி நிலத்தை விட்டுவிட்டால், மறைந்துபோவது ஹோபி மக்களின் முடிவு. இரண்டும் தொழில்நுட்பச் சுருக்கங்கள் என்றே பொறியாளர் கூறுவர். ஆனால், ஒரு சிறிய மக்கள் கூட்டம் தன் நிலத்தில் எந்த மணிக்கு விடிகிறது என்பதைத் தானே முடிவு செய்துகொள்வது சிறிய உரிமையன்று. அம்முடிவு ஒரு கோப்பின் அளவைக் குறைப்பதற்காக அழிக்கப்படுமானால், அதனைப் பிழை என்றே சொல்ல வேண்டும். சுருக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாகாது.

எல்லைகள் துல்லியமாக இருந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. சில ஊர்களில் சட்டம் ஒரு நேரத்தைச் சொல்லும். மக்கள் வேறொன்றைக் கைக்கொள்வர். அமெரிக்காவின் அலபாமா மாநிலம் சட்டப்படி மத்திய நேரத்துக்குரியது. ஆனால், அதன் கிழக்கெல்லையில் உள்ள ஃபீனிக்ஸ் சிட்டி என்னும் நகரத்தார், ஆற்றுக்கு அக்கரையில் ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ் நகரத்தோடு கொண்ட தொழில் உறவால் கிழக்கத்திய நேரத்திலேயே வாழ்கின்றனர். ஆஸ்திரேலியாவின் தெற்குக் கரையை ஒட்டிச் செல்லும் ஐர் நெடுஞ்சாலையில் யூக்லா என்னும் சிற்றூரும் அதன் அண்டை இடங்கள் சிலவும், இருபுறத்து நேரங்களுக்கும் இடைப்பட்டதாக, உலகப் பொதுநேரத்தைவிட 8 மணி 45 நிமிடம் முன்னதான ஒரு நேரத்தைத் தாமாகவே வைத்துக்கொண்டிருக்கின்றன. எந்தச் சட்டமும் அதனை ஆக்கவில்லை. அச்சாலையில் வரும் ஓட்டுநரைக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளுமாறு சாலையோரப் பலகைதான் கேட்டுக்கொள்கிறது. செயற்கைக்கோள் எட்டாத இடத்தில் ஒரு தகரப் பலகை எட்டுகிறது.

அரசே குழப்பத்துக்குக் காரணமாவதும் உண்டு. 2023 மார்ச் மாதத்தில் லெபனான் நாட்டு அரசு, வழக்கமாக அம்மாத இறுதியில் தொடங்கும் கோடைகால நேரத்தை ரமலான் மாத முடிவு வரை தள்ளிவைப்பதாக, மாற்றத்துக்குச் சில நாள்களே இருந்தபோது அறிவித்தது. சில நிறுவனங்கள் அதனை ஏற்றன. வேறு சில ஏற்க மறுத்துப் பழைய திட்டப்படியே கடிகாரத்தைத் திருப்பின. ஒரே நகரில், ஒரே தெருவில், இரண்டு மணிகள். பழைய விதியைத் தாங்கிய கருவிகள் தாமாக ஒரு மணி நேரம் முன்னேறின. சில நாள்களில் அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டது. அந்நாள்களில் பெய்ரூட் நகரில் ஊர்தி ஓட்டியவருக்கு எந்த வழிகாட்டியாலும் சரியான மணியைச் சொல்லியிருக்க முடியாது. சரியான மணி என்று ஒன்று அங்கே இல்லை.

சேரும் நேரம் என்னும் கணக்கு

இவ்வளவையும் எண்ணிப் பார்த்தால், கருவி தவறு செய்யக்கூடும் என்பதைக் காட்டிலும், தவறு செய்யக்கூடும் என்பதை அது மறைப்பதே பெருங்குறை என்பது விளங்கும். திரையின் மூலையில் '9:00' என்று எழுதுகிறது. எந்த ஊரின் 9 மணி? புறப்பட்ட ஊரினதா, கடந்துகொண்டிருக்கும் ஊரினதா, சேரப்போகும் ஊரினதா? பழைய கருவிகள் பலவும் சேரும் நேரத்தைக் கடந்துகொண்டிருக்கும் ஊரின் கணக்கிலேயே காட்டின. எல்லையைக் கடந்த மறுகணம் சேரும் நேரம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். ஓட்டுநர் வழியில் ஏதோ நெரிசல் என்று எண்ணி வேகத்தைக் கூட்டுவார். இழந்த ஒரு மணி நேரத்தை ஈடுசெய்யச் சாலையில் விரைவது எத்தகைய அபாயம் என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஒரு மணி நேரமோ உண்மையில் இழக்கப்படவே இல்லை!

சேரும் நேரம் சேரும் ஊரின் மணியிலேயே சொல்லப்பட வேண்டும். பயணம் செய்பவர் சந்திக்கப்போகும் மருத்துவரும், ஏறப்போகும் இரயிலும், மூடப்போகும் கடையும் அந்த ஊரின் மணியில்தான் இருக்கின்றன. அதற்கு, இப்போதைய நேரத்தோடு பயண நேரத்தைக் கூட்டுவது மட்டும் போதாது. ஊர்தி சென்றடையும் அந்த நாளில், அந்த ஊரில் எந்த விதி நடப்பில் இருக்கும் என்றும் பார்க்க வேண்டும். சனிக்கிழமை இரவு புறப்பட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் சேரும் பயணத்தில், இடையில் கோடைகால நேரம் தொடங்கிவிடக்கூடும். கணிப்பொறிக்கு இது கடினமான கணக்கன்று. செய்ய வேண்டும் என்னும் எண்ணமே வேண்டும். நேரத்தின் அருகில் ஊரின் பெயரையும் எழுதிவிட்டால், பேரனின் திரையில் 'டூபா சிட்டி நேரம் 10:00' என்று இருந்திருக்கும். அவன் ஒரு மணி நேரம் முன்னதாகவே புறப்பட்டிருப்பான்.

கூடுதல் சொற்கள் ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடிக்கும் என்று தயாரிப்பாளர் தரப்பில் சொல்லலாம். அக்கூற்றை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஊர்தியின் திரை நிரம்பி வழிவது நல்லதன்று. ஆனால், பாடலின் பெயரும் பாடகரின் படமும் வானிலையும் இடம்பெறும் திரையில், ஓர் ஊரின் பெயருக்கு மட்டும் இடமில்லை என்பது ஏற்கத்தக்கதாக இல்லை. ஒரே மண்டலத்துக்குள் நடக்கும் பயணத்தில் அப்பெயர் தோன்ற வேண்டியதே இல்லை. எல்லையைக் கடக்கும் பயணத்தில் மட்டும் தோன்றினால் போதும்.

வேறு சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, உலகம் முழுவதற்கும் ஒரே நேரம் போதும் என்பர். வானூர்திகள் உலகப் பொதுநேரத்திலேயே இயங்குகின்றன. ஓட்டிக்கும் கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் இடையே குழப்பமில்லை. அமெரிக்காவில் சரக்குந்து ஓட்டுவோரின் பணிநேரப் பதிவேடும் இத்தகையதே. பத்து மணி நேர ஓய்வுக்குப் பிறகு பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது அங்குள்ள சட்டம். ஓட்டுநர் எத்தனை மண்டலங்களைக் கடந்தாலும், அவருடைய பதிவேடு அவர் பணிபுரியும் தலைமை நிலையத்தின் நேரத்திலேயே எழுதப்பட வேண்டும். எல்லையைக் கடக்கும்போது ஒரு மணி நேரம் 'மிச்சமாகி', உறக்கம் குறைந்த ஓட்டுநர் சாலையில் இருந்துவிடக்கூடாது என்பதற்கு இது நல்ல காப்பு. ஆனால் இவை இரண்டும் தொழிலின் நேரங்கள். ஒரு தொழிலுக்குள் இருப்போர் தமக்குள் ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளலாம். பள்ளி திறப்பதும், சந்தை கூடுவதும், மருத்துவமனையில் பெயர் அழைக்கப்படுவதும் அவ்வவ்வூர் வெளிச்சத்தைப் பொறுத்தவை. வழிகாட்டியின் வசதிக்காக ஊர்கள் தம் வாழ்வைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது, செருப்புக்கு ஏற்பக் காலை வெட்டும் கதை.

கருவியின் முடிவை மாற்றும் உரிமை ஓட்டுநருக்கு இருக்க வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்ததே. 'தானியங்கி' என்று பொறித்துவிட்டுக் கைவழித் திருத்தத்தைப் பட்டியல்களின் அடியில் புதைத்துவிடும் போக்கு பெருகியிருக்கிறது. யூக்லாவில் வாழும் ஒருவர் தம் ஊரின் மணியைத் தம் ஊர்தியில் வைத்துக்கொள்ள விரும்பினால், முக்கால் மணிக் கணக்கை ஏற்கும் இடம் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். மோயன்கோப்பியிலிருந்து டூபா சிட்டிக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்லும் ஒருவர், தம் கடிகாரம் சாலையைக் கடக்கும் போதெல்லாம் தாவ வேண்டா என்று முடிவு செய்யலாம். ஊரின் வழக்கத்தை ஊரார் அறிவர். ஆயிரம் கல் தொலைவில் அமர்ந்து கோடு வரைந்தவர் அறியார்.

கருவியின் ஆயுள் பற்றியும் ஒரு சொல் வேண்டும். கைப்பேசியைச் சில ஆண்டுகளில் மாற்றிவிடுகின்றனர்; மகிழுந்து பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடுகிறது. அதற்குள் நாடுகள் தம் நேரத்தை மாற்றிக்கொள்கின்றன. அமெரிக்காவே கோடைகால நேரத்தின் தொடக்கத்தையும் முடிவையும் 2007-இல் மாற்றியது. அதற்கு முன் செய்யப்பட்டுப் புதுப்பிக்கப்படாத கருவிகள் ஆண்டுதோறும் சில வாரங்களுக்குப் பிழையான மணியைக் காட்டின. செயற்கைக்கோளின் செய்தியிலும் ஓர் எல்லை இருக்கிறது. வாரங்களை எண்ணும் எண்ணுக்கு அதன் பழைய அமைப்பில் பத்து இருமக்குறிகளே ஒதுக்கப்பட்டன. 1,024 வாரங்கள் ஆனதும், அதாவது இருபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில், எண்ணிக்கை மீண்டும் சுழியத்துக்கு வந்துவிடும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அவ்வாறு வந்தது. எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பதை ஊர்தியின் மென்பொருள்தான் அறிந்துகொள்ள வேண்டும். 2022-ஆம் ஆண்டு பிறந்த அன்று, பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் பழைய மகிழுந்துகள் பலவற்றில் நாட்காட்டி 2002-ஆம் ஆண்டைக் காட்டியது. ஊர்தி ஓடியது, விளக்கு எரிந்தது, பாதையும் தெரிந்தது; ஆண்டு மட்டும் இருபது பின்னே போயிற்று.

அடுத்த சுழற்சி 2038 நவம்பரில் வருகிறது. இன்று காட்சியகங்களில் பளபளப்பாக நிற்கும் ஊர்திகளுள் பல அன்றும் சாலையில் இருக்கும். சக்கரத்துக்கும் இயந்திரத்துக்கும் இத்தனை ஆண்டு என்று உறுதிமொழி எழுதித் தரும் நிறுவனங்கள், நேர மண்டல வரைபடத்தையும் விதிகளையும் எத்தனை ஆண்டுக்குப் புதுப்பித்துத் தருவோம் என்பதையும் அதே தாளில் எழுதித் தர வேண்டும். அவ்வரைபடத்தில் ஹோபி நிலத்துக்கும், அதனுள் இருக்கும் ஜெடிட்டோவுக்கும் இடம் இருக்கிறதா என்று வாங்குபவர் கேட்டால், விற்பனையாளரிடம் விடை இருக்க வேண்டும்.